எழுதாத சூடு

ஆடிக் காற்றைப் பிடித்து வைத்து மாசியில் செலவழிக்கலாம் என்று கண்டுபிடித்த புண்ணியவான் யாரென்று கடம்பன்குளத்தில் ஒருவருக்கும் தெரியாது. செய்முறை மட்டும் எல்லோருக்கும் தெரியும். ஆறு மாடி உயரத்துக்கு ஒரு தகரக் கூடு கட்டு. அதற்குள் தேரிக்காட்டுச் செம்மணலைக் கொட்டு. காற்றாலைகள் தலைதெறிக்கச் சுற்றும் மூன்று மாதமும், மிச்சப்படும் மின்சாரத்தை விட்டு அந்த மணலைப் பழுக்கக் காய்ச்சு. சுற்றிலும் ஆள் உயரத் தடிமனுக்கு மெத்தை வைத்து மூடு. காற்று அடங்கியதும் அந்தச் சூட்டில் நீராவி எடுத்து மறுபடியும் மின்சாரம் ஆக்கிக்கொள். பொறியாளர்கள் இதற்கு நீளமாக ஏதோ பெயர் வைத்தார்கள். ஊர்க்காரர்கள் பார்த்த அன்றே ‘குதிர்’ என்றார்கள். அந்தப் பெயர்தான் நிலைத்தது. நெல்லுக்குப் பதில் சூடு, அவ்வளவுதான். கடம்பன்குளத்தில் அப்படி இருபத்திரண்டு குதிர்கள் நின்றன.

உலகம்மை அங்கே முறைப் பொறியாளர். காலை ஆறு மணிக்கு வந்தால் இரண்டு மணி வரை குதிர்களின் பொறுப்பு அவளுடையது. மதிய முறைக்கு மாசானமுத்து, இரவு முறைக்கு ஜெபமணி. குதிருக்குள் எவ்வளவு சூடு இருக்கிறது என்று முறைக்கு ஒரு தடவை எழுதி மேலே அனுப்ப வேண்டும். வெப்பமானிகள் இருந்தன. ஆனால் மணல் ஓரிடத்தில் கொதிக்கும், ஓரிடத்தில் சும்மா கிடக்கும். மூன்று இடத்தில் அளந்து, கூட்டிக் கழித்து, கடைசியில் பொறியாளரின் கைப்பழக்கத்தில்தான் ஓர் எண் வரும். உலகம்மை தன் முறையில் ஏறிய சூட்டில் கொஞ்சம் குறைத்தே எழுதுவாள். உலையில் போடும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கிற வீட்டில் பிறந்தவள் அவள். அந்தக் குறைப்புக்கு அவள் மனசுக்குள் வைத்திருந்த பெயரும் ‘பிடி’தான். காற்றும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் ஊர் திண்டாடுகிற நாளில், அந்தப் பிடியைத் திறந்து இரண்டு மணி நேரம் சத்தமில்லாமல் ஓட்டிவிடுவாள்.

ஒன்பது வருஷமாக இதைச் செய்கிறாள். எடுக்க எடுக்க, அவள் வைத்ததைவிட அதிகமாகவே உள்ளே இருந்தது. மணலின் குணம் என்று முதலில் நினைத்தாள். அப்புறம் பேராத்துச் செல்வி அம்மன் கண் திறந்து பார்க்கிறாள் என்று முடிவு கட்டி, கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஒரு பட்டுப்புடவை சாத்தினாள். படித்த பெண்தான், ஆனால் நல்லது நடக்கும்போது யார் குடைந்து குடைந்து காரணம் கேட்கிறார்கள்?

சூட்டுக்கு உரிமைக்காரர்கள் மூன்று பேர். மூன்றாவது ஆள் ஊர், அதாவது வீடுகளும் ஆஸ்பத்திரியும். இரண்டாவது ஆள் கடற்கரையில் இருந்த நன்னீர் ஆலை. கடல் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரித்துப் பதினோரு கிராமத்துக்கு அனுப்பியது அதுதான். அதை நம்பிக் கரிசல்காட்டில் இரண்டாம் போகம் மிளகாய் போட்டார்கள். மிளகாய்க் களங்களும் அரைவை ஆலைகளும் வந்தன. மும்பைக்கும் திருப்பூருக்கும் போயிருந்த குடும்பங்கள் பாதி திரும்பி வந்தன. உலகம்மையின் அண்ணன் மனைவி பேச்சித்தாய்க்கு அங்கே ஒரு களத்தில் மேற்பார்வை வேலை.

முதல் உரிமைக்காரர் வான் அரண். கரையோரம் வரிசையாக நின்ற ஒளிப் பீரங்கிகள். எதிரி விமானம் வந்தால் ஒரு வெளிச்சக் கீற்றில் எரித்துவிடும் என்றார்கள். ஒரு தடவைகூட அவை சுட்டதில்லை. ஆனால் சுடாமல் தயாராக நிற்பதற்கே அவற்றுக்கு இராப்பகலாக மின்சாரம் வேண்டும். எல்லைக்கு அப்பால் இருந்த அந்த நாட்டிலும் இதே குதிர்கள், இதே பீரங்கிகள். எந்த நாடு என்று பெயர் சொல்வதால் இந்தக் கதைக்கு ஒரு நன்மையும் இல்லை. யார் பீரங்கியை எவ்வளவு நேரம் சுட முடியும் என்பது யார் குதிரில் எவ்வளவு சூடு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால் இரு நாடுகளும் ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தன. மாதம் ஒருமுறை அவரவர் சூட்டை அறிவிக்க வேண்டும். ஒருவர் குதிர்களை மற்றவர் வானத்திலிருந்து படம் எடுத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். இரண்டு பேரும் மற்றவரைப் பொய்யர் என்றார்கள். அப்படிச் சொல்லிச் சொல்லியே இங்கே இரண்டாம் வரிசைப் பீரங்கி வந்தது, அங்கேயும் வந்தது. நன்னீர் ஆலை நாளுக்கு ஓடும் நேரம் இருபது மணியிலிருந்து பதினாலானது, பதினாலு ஒன்பதானது.

இதில் ஒரு வேடிக்கை. பீரங்கிகள் ஓடுவது தூய மின்சாரத்தில் என்பதால், அவை தின்னும் ஒவ்வொரு அலகும் பசுமை வளர்ச்சிக் கணக்கில் சேர்ந்தது. ஆலை பாதி நாள் பூட்டிக் கிடந்த வருஷத்தில்தான் மாவட்டத்துக்குப் பசுமை வளர்ச்சியில் முதல் பரிசு கொடுத்தார்கள். பரிசளிப்பு விழாவுக்கு வந்தவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் பாட்டிலில் வந்தது.

கார்த்திகை பிறந்தபோது அறிவிப்பு வந்தது. மூன்றாம் வரிசைப் பீரங்கி வரப்போகிறது. தை முதல் தேதியோடு ஆலைக்கு மின்சாரம் நிறுத்தம். அன்று சாயங்காலமே பேச்சித்தாய் உலகம்மையின் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

“எங்க களத்துல மட்டும் நூத்தி அறுவது பொம்பளைய இருக்கோம். தையில பூட்டுனா எங்க போவ? உனக்கு மேல ஆள் தெரியும்லா, சொல்லிப் பாரேன்.”

“எனக்கு மேல இருக்கவனுக்கே மேல என்ன நடக்குன்னு தெரியாது மைனி.”

“அப்ப நீ அங்க என்னத்தத்தான் பாக்க?”

உலகம்மை எழுந்தாள். காப்பி போடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டாள்.

மூன்று நாள் கழித்து மேஜர் குலசேகரன் வந்தார். ஆரணிப் பக்கத்துக்காரர். ஐம்பது வயதுக்கு உடம்பு விறைப்பாக இருந்தது, பேச்சு மட்டும் மெதுவாக வந்தது. கட்டுப்பாட்டு அறையில் மற்றவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, உலகம்மையின் முன்னால் ஒரு படத்தை வைத்தார். கறுப்புப் பின்னணியில் இருபத்திரண்டு வட்டங்கள் ஆரஞ்சு நிறத்தில் தெரிந்தன.

“இது உங்க குதிருங்க. அவங்க எடுத்து, புகாரோட அனுப்பின படம். நாம நூறுன்னு சொன்ன இடத்துல நூத்தி இருபத்தி நாலு இருக்குன்றாங்க. ஒளிச்சு வெச்சது எல்லாம் பீரங்கிக்குத்தான்னு அவங்க நெனப்பு. அதனால அவங்களும் ஏத்துறாங்க. அவங்க ஏத்துறதப் பாத்து நாமளும் ஏத்துறோம். மூணாவது வரிசை வர்றது இந்தப் படத்தாலதான்.”

“நம்ம ஆளுக படம் எடுத்துப் பாத்தா தெரிஞ்சிருமே சார்?”

“நம்ம குதிர நாம எதுக்குங்க படம் எடுக்கணும்? நம்ம கேமரா எல்லாம் அந்தப் பக்கம்தான் திரும்பியிருக்கு. மேலிடத்துல இது ஜோடிச்ச படம்ன்றாங்க. நான் முப்பது வருஷமா பீரங்கிப் படையில இருக்கேன். சூட்டுப் படத்துல ஜோடிச்சது எது, நெசம் எதுன்னு எனக்குத் தெரியும். இது நெசம். எப்படின்னுதான் தெரியல.”

உலகம்மை கணக்குப் போட்டுப் பார்த்தாள். சூட்டைக் குறைத்து எழுதினால் பாதுகாப்புச் சட்டத்தில் பத்து வருஷம். அவளுக்குப் பத்தாம் வகுப்புப் படிக்கிற மகள் ஒருத்தி இருந்தாள், கணவன் இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. வாயை மூடிக்கொண்டால் யாரும் அவளைக் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஆனால் பேச்சித்தாயின் களத்தைப் பூட்டப்போவது அந்த இருபத்து நாலு என்று இப்போது தெரிந்துவிட்டது. ஊருக்கு நல்லது என்று எடுத்து வைத்த பிடியே ஊரின் வாயில் மண்ணைப் போட்டிருக்கிறது. அவளால் அதைத் தாங்க முடியவில்லை.

“நான் குறைச்சு எழுதுவேன் சார்,” என்றாள். “பீரங்கிக்கு இல்ல. கஷ்ட நாளைக்கு ஊருக்கு வேணுமேன்னு. ஆனா நான் வச்சது நூத்துக்கு ஏழு எட்டுகூட வராது. இருபத்தி நாலு எப்பிடின்னு எனக்கும் தெரியல.”

 மேஜர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார்.

“மத்த ரெண்டு பேரையும் நேத்தே வீட்டுக்குப் போய்க் கேட்டேன். சத்தியம் பண்ணி இல்லேன்னாங்க. சத்தியம் பண்ணப்ப ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி வேர்த்துச்சு.”

“அப்ப இதை எழுதி மேல அனுப்புங்க. ஆலைய மூடாண்டாம்னு சொல்லுங்க. என்னைய என்ன வேணாலும் பண்ணட்டும்.”

“அனுப்பலாம். அனுப்பினா என்ன ஆவும்னு சொல்றேன், கேளுங்க. நீங்க உள்ள போவீங்க. இத்தன வருஷமா அவங்க சொன்னது சரி, நாம சொன்னது பொய்னு ஒத்துக்கணும். எந்த மந்திரியும் ஒத்துக்க மாட்டாரு. கண்டெடுத்த சூடு பூரா சட்டப்படி மொதல் உரிமைக்காரருக்குப் போவும், அதாவது எங்களுக்கு. ஆலைக்கு ஒரு பொட்டுக்கூட வராது.” ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். “எனக்கு வந்த உத்தரவு இது. எழுதினதுக்கு மேல கடம்பன்குளத்துல ஒரு சூடும் இல்லன்னு உங்க மூணு பேர்கிட்டயும் கையெழுத்து வாங்கிட்டு வரணும்.”

“பொய்க் கையெழுத்தா?”

“கார்த்திகை கடைசிக்குள்ள வாங்கணும். அடுத்த கணக்கெடுப்பு அன்னைக்குத்தான். இருபத்தாறு நாள் இருக்கு.”

உலகம்மை காகிதத்தைப் படித்தாள். இரண்டாவது தடவையும் படித்தாள்.

“சார், எழுதாத சூடு யாருக்குச் சொந்தம்?”

“எழுதாதது சட்டத்துக்கு இல்லாதது. இல்லாததுக்கு யாரு சொந்தக்காரன்?”

“அப்ப நான் இந்தக் காகிதத்துல கார்த்திகை கடைசியில கையெழுத்துப் போடுதேன். அன்னைக்கு இது பொய்யா இருக்காது.”

மேஜருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார். “ஆலை ஓடுற நேரம் வேற துறையில பதிவாகும். அந்தத் துறையும் உங்க துறையும் ஒரே கட்டடத்துல மேல் மாடி, கீழ் மாடி. பேசிக்கிறதில்லன்னு கேள்வி. நீங்க சொன்ன எதுவும் என் காதுல விழல,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று இரண்டு மணிக்கு முறை மாறும்போது, வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஜெபமணியையும் போன் போட்டு வரவழைத்தாள். டீக்கடைப் பையன் காதில் விழாதபடி மூன்று பேரும் ஏழாம் குதிரின் நிழலில் நின்றார்கள். உலகம்மை தன் குட்டை உடைத்தாள். மாசானமுத்து சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றார்.

“நானும் வைப்பேன் தங்கச்சி,” என்றார் கடைசியில். “வீட்டுக்காரிக்கு வாரத்துக்கு ரெண்டு நாள் ரத்தம் சுத்தம் பண்ணணும்லா. ஆஸ்பத்திரியில கரண்டு போயிட்டா என்ன செய்யன்னு ஆரம்பிச்சது. மணலு தானா சுரக்குன்னு நெனச்சேன்.”

“சுரக்கலயா அது?” என்றான் ஜெபமணி. “நானும் அப்பிடித்தான் நெனச்சிருந்தேன். போன வருஷம் சபையில சாட்சியே சொல்லியிருக்கேன் அக்கா, எலியா தங்குன விதவை வீட்டுல கர்த்தர் எண்ணெய் குறையாம குடுத்த மாதிரின்னு.”

உலகம்மைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மூன்று பேரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் ஒன்பது வருஷம் எடுத்து வைத்து, அம்மனுக்கும் மணலுக்கும் கர்த்தருக்குமாக நன்றி சொல்லியிருக்கிறார்கள். சிரித்து முடித்த பிறகு அழுகை வரும் போலிருந்தது. மேஜர் காட்டிய படத்தைப் பற்றிச் சொன்னாள். கடைசியில், எழுதாத சூட்டை முழுக்க ஆலைக்கு விடப் போகிறாள் என்பதையும் சொன்னாள்.

மாசானமுத்து ஒத்துக்கொள்ளவில்லை. “மொத்தத்தையும் இருபத்தாறு நாளுல ஊத்தித் தீத்துட்டா, பெறவு கஷ்ட நாளைக்கு என்ன செய்வ? ஆலை மூடுனா தண்ணி லாரியிலயாவது வரும். ரத்தம் சுத்தம் பண்ணுத மிஷினு லாரியில வருமா?”

“வராது அண்ணாச்சி. ஆனா மூணாவது வரிசை வந்துட்டா, அதுக்கப்பறம் நாலாவது வரும். நீங்க வைக்கிற பிடியப் பாத்து அந்தப் பக்கத்துக்காரன் ஏத்துவான், அவன் ஏத்துறதப் பாத்து இவுக ஏத்துவாக. ஆஸ்பத்திரிக்கு முறையா வார கரண்டையே ஒருநாள் எடுப்பாக. நாம பிடி வைக்க வைக்க கஷ்ட நாளுதான் கூடும்.”

“அவன் எறக்குவான்னு என்ன நிச்சயம்?”

“ஒரு நிச்சயமும் இல்ல.”

 மாசானமுத்து தன் முறைக்குப் போகிறபோது, “எந்தக் குதிருலேர்ந்து எடுக்கணும்னு எழுதி வச்சிட்டுப் போ,” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலையிலிருந்து நன்னீர் ஆலை நாளுக்கு இருபது மணி நேரம் ஓடியது. காரணம் யாருக்கும் தெரியவில்லை. தை மாதம் மூடப்போகிற குற்ற உணர்ச்சியில் அரசாங்கம் கொஞ்சம் தாராளம் காட்டுகிறது என்று களத்தில் பேசிக்கொண்டார்கள். தொட்டிகள் நிரம்பியதும் ஊருணிகளுக்கு விட்டார்கள். ஊருணிகள் நிரம்பியதும் கண்மாய்க்குத் திருப்பினார்கள். வருஷக்கணக்கில் கருவேல முள் மண்டிக் கிடந்த கண்மாயில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. மிளகாய்ச் செடிகள் மூன்றாம் பூ பூத்தன. பதினோரு ஊரிலும் குழந்தைகளைக் குளிப்பாட்டும் சத்தம் கேட்டது. உலகம்மை ஒவ்வொரு நாளும் மூன்று இடத்தில் அளந்து, உள்ளதை உள்ளபடி தன் நோட்டில் குறித்துக்கொண்டாள். நூற்று இருபது, நூற்றுப் பதினாறு, நூற்று ஒன்பது என்று இறங்கியது. இருபத்தாறாம் நாள், இருந்ததும் எழுதியதும் ஒன்றாக நின்றன. மேஜர் வந்தார், மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். மாசானமுத்து கடைசி ஆளாகப் போட்டார்.

அந்த மாதம் எல்லைக்கு அப்பாலிருந்து புகார் வரவில்லை. ‘மூன்றாம் வரிசை ஒத்திவைப்பு’ என்று பத்திரிகையில் ஏழாம் பக்கத்தில் நாலு வரி வந்தது. ஆலையை மூடும் தேதியில் தை ஒன்றை அடித்துவிட்டு ‘மறு உத்தரவு வரும் வரை’ என்று திருத்தினார்கள். பேச்சித்தாய் அதைப் போனில் படித்துக் காட்டி, “மூட மாட்டாவன்னு அர்த்தமா, மெதுவா மூடுவாவன்னு அர்த்தமா?” என்று கேட்டாள். உலகம்மைக்கும் தெரியவில்லை.

தை கடைசியில் அந்த நாட்கள் வந்தன. ஆறு நாள் ஓர் இலை அசையவில்லை. வானம் மூடிக் கிடந்ததால் வெயிலும் இல்லை. பீரங்கிகளுக்குரிய பங்கு போன பிறகு மிஞ்சியதை ஆலைக்கு விடாமல் ஆஸ்பத்திரிக்குத் திருப்பினார்கள், அதற்கே சரியாக இருந்தது. ஆலை நின்றது. ஊருணித் தண்ணீர் நாலு நாளுக்கு வந்தது, பிறகு லாரி வந்தது. முன்னெல்லாம் இந்த மாதிரி நாளில்தான் அவள் பிடியைத் திறப்பாள். இப்போது திறக்க ஒன்றுமில்லை. ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் ஒரு மணி நேரம் மின்சாரம் நின்றது. மாசானமுத்துவின் மனைவியைப் பாதியில் இயந்திரத்திலிருந்து எடுத்து, மறுநாள் வரச் சொன்னார்கள். அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மாசானமுத்து பத்து நாள் உலகம்மையுடன் பேசவில்லை. அவர்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை, தன்மேல்தான் வந்தது. இருபத்தாறு நாள் ஊற்றியதில் இரண்டு நாளுக்காவது மிச்சம் பிடித்திருக்கலாமோ என்று நினைத்து நினைத்து, சரியாகச் சாப்பிடாமல் இளைத்துப்போனாள்.

மாசி நடுவில் மேஜர் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை உத்தரவு எதுவும் கொண்டுவரவில்லை. இரண்டு படங்கள் கொண்டுவந்திருந்தார்.

“இதெல்லாம் உங்களுக்குக் காட்டவே கூடாது,” என்று சொல்லிக்கொண்டே மேசையில் விரித்தார். “அவங்க குதிருங்க. இது மார்கழியில எடுத்தது. அவங்க சொன்னதவிட நூத்துக்கு இருபது கூட இருந்துச்சு. பல வருஷமாவே அப்படித்தான். ஒளிக்கிறாங்க, ஒளிக்கிறாங்கன்னு நாம கத்திக்கிட்டு இருந்தது இதத்தான். இது போன வாரம் எடுத்தது.”

இரண்டாவது படத்தில் வட்டங்கள் மங்கியிருந்தன.

“இப்ப எவ்வளவு சார்?”

“அவங்க எழுதினது எவ்வளவோ அவ்வளவுதான். சுட்டிருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். சுடல. எங்க போச்சுன்னு எங்காளுங்க மண்டையப் போட்டு ஒடச்சுக்கிறாங்க. குதிருங்களுக்குப் பக்கத்துல புதுசா ஒண்ணு தெரியுது பாருங்க, மார்கழியில இல்ல. அது ரகசியத் தளமா இருக்கலாம்னு ஒருத்தர் எழுதியே குடுத்துட்டாரு.”

வட்டங்களுக்குக் கீழே, வறண்ட நிலத்தின் நடுவில், குளிர்ச்சியான கருநீலத்தில் ஒரு திட்டு இருந்தது. ஒரு பக்கம் நேர்க்கோடாகவும் மறுபக்கம் வளைந்தும் இருந்தது. உலகம்மை படத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துக் குனிந்து பார்த்தாள்.

“இது கண்மாய் சார்,” என்றாள். “இந்தப் பக்கம் கரை. இந்தப் பக்கம் தண்ணி ஏறி நிக்கி. விட்டுப் பத்துப் பதினஞ்சு நாளு இருக்கும்.”

மேஜர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.  அந்த நாட்டில், ஏதோ ஒரு கட்டுப்பாட்டு அறையில், கடம்பன்குளத்துப் படத்தை யாரோ இப்படித்தான் ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்து, நிரம்பிய கண்மாயைக் கண்டுகொண்டு, தானும் எழுதாததைத் தண்ணீராக்கியிருக்க வேண்டும். அது ஆணா பெண்ணா, என்ன பேர், எத்தனை பிள்ளைகள் என்று ஒன்றும் தெரியாது. 

“அங்க இந்த மாசம் காத்து உண்டுமா சார்?” என்று கேட்டாள்.

“தெரியலயே. ஏன் கேக்குறீங்க?”

“கையில ஒண்ணும் மிச்சம் வச்சிருக்க மாட்டாக. அதான்.”